இருபது ஓட்டை அட்டை

"இஸ்திரிப் பெட்டியைக் கீழே வை!"

"அதைத்தாங்க பண்ணப் போறேன். மாடி ஜன்னல்லேர்ந்து."

"வைக்கச் சொன்னேன், போடச் சொல்லல..."

"இதுவும் இந்த நூல்கண்டும் ஒரே நேரத்துல கீழே போய்ச் சேரும், ஒரே ஒரு தடவை பார்த்துட்டு..."

"அது எனக்குச் சோறு போடற பெட்டி! நசுங்கிச்சுன்னா..."

"நசுங்காது, கீழே மெத்தை போட்டிருக்கேன்..."

"யார் மெத்தை?"

"உங்க மெத்தைதான்."

தையல்காரர் மிஷினிலிருந்து காலை எடுத்தார். எடுத்த வேகத்தில் ஊசி நாலு தையல் தாண்டிப் போய் நின்றது. எதிரே அவருடைய மனைவி, பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்தின் பிசிக்ஸ் டீச்சர், ஒரு கையில் இஸ்திரிப் பெட்டியும் மறு கையில் நூல்கண்டுமாக, தராசு போல நின்றுகொண்டிருந்தாள்.

"என்னம்மா ஆச்சு உனக்கு? காலையில நல்லாத்தானே போனே?"

"எட்டு," என்றாள் டீச்சர்.

"என்ன எட்டு?"

"வகுப்போட சராசரி. இருபதுக்கு எட்டு. பத்தொன்பது வருஷமா பாடம் எடுக்கறேன். கனமானதும் லேசானதும் ஒண்ணா விழும்னு பத்தொன்பது வருஷமா தொண்டை கிழியக் கத்தறேன். எட்டு!"

விஷயம் இதுதான். கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு கனத்த உறை வந்திருந்தது. பிள்ளைகள் சூத்திரத்தை ஒப்பிக்கிறார்களா அல்லது புரிந்துதான் படிக்கிறார்களா என்று கண்டுபிடிக்க ஒரு புதுத் தேர்வு. கணக்கும் கிடையாது, படமும் கிடையாது. இருபது வாக்கியங்கள். ஒவ்வொன்றும் சரியா தவறா என்று சொன்னால் போதும். விடைத்தாளில் இடப்பக்கம் 'சரி' வட்டம், வலப்பக்கம் 'தவறு' வட்டம். ஏதாவது ஒன்றைப் பென்சிலால் கறுப்பாக்க வேண்டும். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் அதே இருபது வாக்கியங்களை வைத்து ஒத்திகை. வெள்ளிக்கிழமை உண்மைத் தேர்வு. சராசரி பன்னிரண்டுக்குக் கீழே போனால் அந்த ஆசிரியர் அந்தப் பாடத்தை எடுக்கக் கூடாது.

அதற்கும் மேலே ஒரு விதி. ஆசிரியர் அந்த வாக்கியங்களைப் பார்க்கவே கூடாது. பார்த்தால் உருப்போட வைத்துவிடுவார்களாம். அதனால் தலைமையாசிரியை, எல்லாருக்கும் பெரிய மேடம், தானே வகுப்பில் நின்று தேர்வு நடத்தி, கேள்வித்தாள்களை எண்ணி வாங்கி இரும்பு அலமாரியில் பூட்டிவிடுவார். டீச்சர் கைக்கு வருவது விடைத்தாளும், திருத்துவதற்கு ஒரு பழுப்பு அட்டையும் மட்டும்தான். தாளின் அளவுக்கே வெட்டிய அட்டை. அதில் வரிக்கு ஒன்றாக இருபது ஓட்டைகள். சில இடப்பக்கம், சில வலப்பக்கம். அட்டையை விடைத்தாளின் மேல் வைத்தால், ஓட்டை வழியே கறுப்பு தெரிந்தால் ஒரு மார்க். வெள்ளை தெரிந்தால் இல்லை. நாற்பது தாளைக் கால் மணி நேரத்தில் முடித்துவிடலாம்.

டீச்சர் சுத்தபத்தமான ஆள். உறையிலிருந்து அட்டையை எப்படி உருவினாளோ அப்படியே தாளின் மேல் வைத்தாள். திருத்தி முடித்ததும் எப்படி வந்ததோ அப்படியே உறைக்குள் செருகினாள்.

"பன்னிரண்டுக்குக் கீழே போனா என்ன பண்ணுவாங்க?" தையல்காரர் கேட்டார்.

"பிசிக்ஸைக் கணக்கு சாருக்குக் கொடுத்துடுவாங்க. எனக்குத் தையல் வகுப்பு."

தையல்காரர் சிரித்துவிட்டார். சிரிக்கக் கூடாத இடம் என்று தெரிந்தும் அடக்க முடியவில்லை. கல்யாணமான இத்தனை வருஷத்தில் மனைவி ஊசியில் நூல் கோத்து அவர் பார்த்ததில்லை. "பக்கத்துல வந்து உட்காரு, காஜா எடுக்கக் கத்துத் தரேன்" என்று அவர் ஆரம்பிப்பதற்குள் இஸ்திரிப் பெட்டி மாடிக்குப் போயிருந்தது.

தொப்பென்று ஒரு சத்தம். ஒன்றுதான் கேட்டது.

"பார்த்தீங்களா! ஒரே நேரம்!" மேலேயிருந்து குரல் வந்தது.

"பார்த்தேன்," என்றார் தையல்காரர், மெத்தையிலிருந்து எழும்பிய பஞ்சைத் தலையிலிருந்து தட்டிக்கொண்டே. பிறகு பதற்றத்தோடு மிஷினில் உட்கார்ந்து, பாதியில் விட்ட வக்கீல் சட்டையின் பையைத் தைத்து முடித்தார்.

செவ்வாய்க்கிழமை முதல் பீரியடிலேயே டீச்சர் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"ஓடற பஸ்ஸுல உட்கார்ந்து நேர் மேலே ஒரு பந்தைத் தூக்கிப் போட்டா எங்கே விழும்?"

"கையிலயே விழும் மிஸ்," என்றது வகுப்பு.

"ஏன்? பஸ் முன்னாடி போயிடுதே?"

"பந்தும் அதே வேகத்துல போகுது மிஸ்."

"கயிறு கட்டிச் சுத்தற கல்லு, கயிறு அறுந்தா?"

"நேரா போயிடும் மிஸ். சுத்தாது."

"லாரியும் சைக்கிளும் மோதினா, யார் மேல விசை அதிகம்?"

"ரெண்டு மேலயும் சமம் மிஸ். அடிதான் சைக்கிளுக்கு."

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. வாய் இவ்வளவு அழகாகப் பேசுகிறது, கை மட்டும் ஏன் இப்படி எழுதுகிறது? சுற்றறிக்கையில் கூட இதைத்தான் எழுதியிருந்தார்கள்: மாணவர் வாயால் சொல்வதை நம்ப வேண்டாம், அது மனப்பாடம், விடைத்தாளே சாட்சி.

முதல் பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள். வகுப்பில் அவளுக்கு அகராதி என்று பெயர். "மிஸ், நேத்து நாலாவது கேள்வியில அவங்க என்ன கேட்டிருந்தாங்கன்னா..."

"சொல்லாதே!" டீச்சர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். "விதி! எனக்குத் தெரியக் கூடாது!"

"ஒரே ஒரு வார்த்தை மிஸ்..."

"லா லா லா லா," என்றாள் டீச்சர். வராந்தாவில் போய்க்கொண்டிருந்த கணக்கு சார் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

அன்று மத்தியானம் இரண்டாவது ஒத்திகை. சாயந்திரம் தையல் மேஜையின் ஓரத்தில் அட்டையை வைத்துத் திருத்தினாள். சராசரி ஐந்து. அகராதிக்கு இரண்டு. வகுப்பிலேயே அதிகம் பத்து, அதுவும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நாள் முழுக்க வாயைப் பிளக்கிற, கொட்டாவி என்று எல்லாரும் கூப்பிடுகிற பெண்ணுக்கு.

"விளக்கினா ஏறணும் இல்லையா? இறங்குது!" என்றாள் டீச்சர்.

"வாயால சொன்னது போதலையோ என்னவோ," என்றார் தையல்காரர், பட்டனில் கண்ணாக. "கண்ணால காட்டினாத்தான் மனசுல நிக்கும்." சொன்ன பிறகுதான் மேஜையைப் பார்த்தார். இஸ்திரிப் பெட்டி இருந்த இடம் காலியாக இருந்தது.

புதன்கிழமை காலை, பள்ளிக்கூடத்து முதல் மாடி வராந்தா. கீழே மணல் குவியல். நாற்பது பிள்ளைகளும் மணலைச் சுற்றி வட்டமாக, டீச்சர் சுண்ணாம்பால் வரைந்த எல்லைக்கு வெளியே நின்றார்கள். மேலே டீச்சர், ஒரு கையில் இஸ்திரிப் பெட்டி, மறு கையில் சாக்பீஸ்.

"எது முதல்ல விழும்?"

"ஒண்ணா விழும் மிஸ்!"

"சத்தமா!"

"ஒண்ணா விழும் மிஸ்!"

ஒன்றாகத்தான் விழுந்தன. இயற்கை தன் வார்த்தையைக் காப்பாற்றியது. ஆனால் கைப்பிடியில் சுற்றியிருந்த வயர் காற்றில் பிரிந்து ஜன்னல் கம்பியில் மாட்டி, பெட்டியை ஒரு வெட்டு வெட்டி இழுத்தது. மணலில் விழுந்தது சாக்பீஸ். இஸ்திரிப் பெட்டி அதே நொடியில் நாலடி தள்ளி, கணக்கு சாரின் சைக்கிள் சீட்டில் உட்கார்ந்தது.

சீட் இரண்டாகப் பிளந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"மிஸ், இப்ப சைக்கிள் மேலயும் பெட்டி மேலயும் விசை சமம்தானே?" என்று ஒருத்தி கேட்டாள்.

"சமம்தான்," என்றாள் டீச்சர் மேலேயிருந்து, சுரத்தில்லாமல். பெட்டியின் கைப்பிடியும் உடைந்திருந்தது.

மூன்றாவது ஒத்திகையின் சராசரி இரண்டு. அகராதிக்குப் பூஜ்யம். கொட்டாவிக்குப் பத்து.

அன்று சாயந்திரமே வக்கீலும் வந்து சேர்ந்தார், புதுச் சட்டையைக் கையில் விரித்துப் பிடித்துக்கொண்டு.

"என்னய்யா இது? பையை உள்பக்கமா தைச்சிருக்கே! நான் பேனாவை நெஞ்சுக்குள்ளயா சொருகிக்கறது?"

தையல்காரர் சட்டையை வாங்கிப் பார்த்தார். முகம் சுருங்கியது. "இந்தத் துணிக்கு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்குங்க. மேல்பக்கத்துல சாக்பீஸால ஒரு அடையாளம் போட்டு வைப்பேன். திங்கக்கிழமை வீட்டுல கொஞ்சம் சத்தம், அடையாளத்தைப் பார்க்கல. திருப்பிப் போட்டுக்கிட்டீங்கன்னா..."

"திருப்பியும் பார்த்துட்டேன். இடது பக்கம் இருக்க வேண்டிய பை வலது பக்கம் வருது! ஜட்ஜ் முன்னாடி இல்லாத பக்கத்துல தடவிக்கிட்டு நிக்கறேன்!"

மூன்று நாளாகச் சிரிக்காத டீச்சர் அன்றைக்குத்தான் சிரித்தாள். திருத்திக்கொண்டிருந்த தாளின் மேலேயே தலையைக் கவிழ்த்துச் சிரித்தாள். வக்கீல் போன பிறகும் விடவில்லை.

"இருபது வருஷமா தைக்கறீங்க, மேல்பக்கம் எது அடிப்பக்கம் எதுன்னு பார்க்கத் தெரியல. நான் தையல் வகுப்பு எடுத்தா உங்களைத்தான் முதல்ல உட்கார வைக்கணும்."

"எடுக்கப் போறே, அவசரப்படாதே," என்றார் தையல்காரர், தையலைப் பிரித்துக்கொண்டே. டீச்சரின் சிரிப்பு நின்றுவிட்டது.

வியாழக்கிழமை காலை டீச்சர் கொட்டாவியை எழுப்பி நிற்க வைத்தாள்.

"மூணு தடவையும் நீதான் வகுப்புல முதல். எப்படிப் படிக்கறே, எல்லாருக்கும் சொல்லு."

அந்தப் பெண் பயந்து சுற்றிப் பார்த்தாள். "நான் படிக்கல மிஸ்."

"புரிஞ்சு எழுதறே. அதைச் சொல்லு."

"கேள்வியையே படிக்கல மிஸ். இருபதுக்கும் 'சரி'ன்னு போட்டுட்டேன். எங்க வீட்டுல அப்படித்தான். யார் என்ன சொன்னாலும் சரின்னுட்டா சீக்கிரம் விட்டுடுவாங்க."

அகராதி மேஜையில் கவிழ்ந்து அழ ஆரம்பித்தாள்.

ஆசிரியர் அறையில் பெரிய மேடம் புதுக் கால அட்டவணையை ஒட்டிக்கொண்டிருந்தார். டீச்சரைப் பார்த்ததும் பசையைத் தடவுவதை நிறுத்தினார். "இன்னும் ஒட்டி முடிக்கலம்மா. நாளைக்கு வரைக்கும் ஓரத்துல மட்டும்தான் பசை," என்றார், ஆறுதலாக.

கணக்கு சார் சீட் இல்லாத சைக்கிளை நின்றபடியே மிதித்து வந்திருந்ததால் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே? கண்ணை மூடிக்கிட்டுப் போட்டாலே இருபதுக்குப் பத்து வரும். உங்க பிள்ளைங்க ரெண்டு வாங்குது. இவ்வளவு தப்பாப் போட அறிவு வேணும் டீச்சர். ஒண்ணுமே தெரியாதவனால இது முடியாது."

கிண்டலாகத்தான் சொன்னார். ஆனால் டீச்சர் கிண்டலைக் கேட்கவில்லை, கணக்கைக் கேட்டாள். இருபதில் இரண்டு சரி என்றால் பதினெட்டு தப்பு. இருப்பது சரி, தவறு என்று இரண்டே வட்டம். அப்படியானால்...

பீரியட் மணி அடிப்பதற்கு முன்பே வகுப்பில் இருந்தாள். கதவைச் சாத்தினாள்.

"எல்லாரும் கவனிங்க. நாளைக்கு ஒவ்வொரு வாக்கியத்தையும் நல்லாப் படிங்க. நல்லா யோசிங்க. உங்களுக்கு எது சரியான விடைன்னு தோணுதோ..."

நாற்பது பேனாக்கள் தயாராயின.

"அதுக்கு நேர்மாறா போடுங்க."

யாரும் எழுதவில்லை. அகராதி மெதுவாக எழுந்தாள்.

"மிஸ், எனக்குத் தப்புன்னு தோணறதை சரின்னு போடணுமா?"

"ஆமா."

"ஆனா அது தப்பு மிஸ்."

"உனக்குத் தோணுது."

"நீங்கதானே மிஸ் சொல்லிக் கொடுத்தீங்க?"

"நான் சொல்லிக் கொடுத்தது சரிதான்மா. வாக்கியத்தை அவங்க எப்படி முறுக்கி எழுதியிருக்காங்களோ, நீங்க எங்கயோ தலைகீழாப் புரிஞ்சுக்கறீங்க. எனக்கு அதைப் பார்க்க உரிமை இல்ல."

"பார்க்க வேண்டாம் மிஸ், நான் ஒண்ணே ஒண்ணு படிச்சு..."

"லா லா லா!"

இது காப்பி இல்லை, ஏமாற்று இல்லை, ஒரு விடையைக் கூட நான் சொல்லவில்லை என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இரண்டு தெரு தாண்டுவதற்குள் அதை நம்பவும் ஆரம்பித்தாள்.

வெள்ளிக்கிழமை தேர்வு முடிந்ததும் பெரிய மேடம் தன் அறையிலேயே, தன் எதிரிலேயே திருத்தச் சொன்னார். டீச்சர் உறையிலிருந்து அட்டையை உருவி முதல் தாளின் மேல் வைத்தாள். கறுப்பு. கறுப்பு. கறுப்பு. இருபது ஓட்டையிலும் கறுப்பு, தேன்கூட்டில் ஈ உட்கார்ந்த மாதிரி. அகராதியின் தாள்தான் அது.

அடுத்தது பத்தொன்பது. அதற்கடுத்தது இருபது. பெரிய மேடம் நாற்காலியை விட்டு எழுந்து வந்து தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "அடி சக்கை! என்னம்மா பண்ணே, ஒரே ராத்திரியில?"

"ஒரு புது முறை மேடம்," என்றாள் டீச்சர்.

சராசரி பதினெட்டரை. வகுப்பிலேயே குறைவு கொட்டாவிதான், பத்து. அவள் 'நேர்மாறா' என்று சொன்னதற்கும் சரி என்று தலையாட்டிவிட்டு, பழையபடி இருபதுக்கும் 'சரி' போட்டிருந்தாள்.

பெரிய மேடம் ஆசிரியர் அறைக்குப் போய்ப் புதுக் கால அட்டவணையைச் சுவரிலிருந்து உரித்தார். ஓரத்தில் மட்டும் பசை என்பதால் கிழியாமல் வந்தது. விடைத்தாள்களை உறையில் போட்டு, அரக்கு உருக்கி முத்திரை வைத்து, வாசலில் நின்ற அலுவலக வேனில் கொடுத்தார். "அங்கேயும் ஒரு தடவை அவங்க அட்டையை வச்சுத் திருத்துவாங்க. திருத்தட்டும்! அவங்க கண்ணாலயே பார்க்கட்டும்! அடுத்த வாரம் எல்லாப் பள்ளிக்கூடத்து டீச்சருங்களையும் இங்கே வரச் சொல்லி எழுதியிருக்கேன். உன் முறையை நீதான் அவங்களுக்கு விளக்கணும்."

கணக்கு சார் கூட வந்து கைகுலுக்கினார். டீச்சர் அவருக்குப் புது சைக்கிள் சீட் வாங்கித் தருவதாகச் சொன்னாள். "அட, அந்த அட்டையை நீயே ஞாபகார்த்தமா வச்சுக்கோ," என்றார் பெரிய மேடம்.

அன்று சாயந்திரம் தையற்கடையில் ஒரே கொண்டாட்டம். டீச்சர் வரும் வழியில் புது இஸ்திரிப் பெட்டி வாங்கி வந்திருந்தாள். அதைத் தையல்காரர் கையில் கொடுத்து, "இதை நான் தொடவே மாட்டேன்," என்று சத்தியம் செய்தாள். பிறகு மேஜை மேல் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு முதலிலிருந்து சொன்னாள்: ஓட்டையெல்லாம் கறுப்பு, பெரிய மேடத்தின் முகம், அரக்கு முத்திரை, எல்லாப் பள்ளிக்கூடத்து டீச்சர்களும்.

"அப்போ தையல் வகுப்பு?"

"அதுக்கு நீங்கதான் போகணும். மேல்பக்கம் அடிப்பக்கம் படிக்க."

தையல்காரர் சிரித்துக்கொண்டார். நாளைக் காலை வக்கீல் வந்து நிற்பார். பையைப் பிரித்ததில் துணி பிசிறிப்போய், புதுப் பை வெட்ட வேண்டியிருந்தது. அளவு வரைய விறைப்பாக ஏதாவது வேண்டும். சுற்றிலும் தேடியவர், மேஜையில் கிடந்த பழுப்பு அட்டையை எடுத்தார்.

"இதை வெட்டிக்கட்டுமா? உனக்கு இனிமே வேண்டாமே?"

"தாராளமா! என் மார்க்கு வேன்ல போயாச்சு."

தையல்காரர் கத்தரியை எடுத்தார். இந்த முறை அவசரப்படவில்லை. அட்டையை விளக்குக்கு நேரே பிடித்து, ஒரு பக்கம் பார்த்தார், திருப்பி மறு பக்கம் பார்த்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஏம்மா, இங்க பொடி எழுத்துல 'இந்தப் பக்கம் மேலே தெரிய வேண்டும்'னு அச்சடிச்சிருக்கே... வாரம் பூரா நீ திருத்தும்போது இது குப்புறக் கிடந்த பக்கம் இல்ல?"